அறைக்கேற்ற ஒலி

பெங்களூர் மல்லேசுவரத்தை அடுத்து, பிடிலின் உருவத்திலேயே எழுப்பப்பட்ட இசை மண்டபம் ஒன்று உண்டு. 1980ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற சௌடையா நினைவு மண்டபமே அது. ஆயிரம் பேருக்கு மேல் அமரக்கூடிய அந்தக் கட்டடம் குறிப்பது நாம் வழக்கமாகக் காணும் நான்கு தந்திப் பிடிலையன்று. ஏழு தந்திப் பிடிலை. ஏழு என்னும் இந்த எண்ணிலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்கலாம்.

மைசூர் டி. சௌடையா திருமகூடலு நரசீபுரத்தைச் சார்ந்தவர். பிடாரம் கிருஷ்ணப்பாவின் மாணாக்கர். அவர் மேடை ஏறிய காலத்தில் கச்சேரிகளுக்கு மைக்கு இல்லை. நாடக மேடைப் பாடகர்கள் கடைசி வரிசையை எட்டவேண்டி உயர்ந்த சுருதியிலே பாடினார்கள். சங்கீத வித்துவான்களும் கனத்த சாரீரத்தைப் பெரும் பேறாகக் கருதினார்கள். பக்கவாத்தியமாகிய பிடிலின் நாதமோ பெரிய கொட்டகையில் பாதி வழியிலேயே தேய்ந்து போயிற்று. சௌடையா 1927ஆம் ஆண்டில் இதற்கு ஒரு பரிகாரம் கண்டார். நான்கு தந்திகளுடன் மேலும் மூன்றைச் சேர்த்தார். வில்லை முன்னிலும் பலமாக அழுத்த வேண்டியதில்லை. அதே இழுப்புக்கு வாத்தியம் அதிகமான நாதத்தைத் தந்தது. கொடுக்கும் விசை குறைவு, கிடைக்கும் ஒலி அதிகம் என்னும் இந்தப் பண்பையே ஒலிபெருக்கிகளைப் பற்றிப் பேசுவோர் ‘உணர்திறன்’ என்று வழங்குகின்றனர்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு ‘ஒலிபெருக்கி’ என்ற சொல்லின்மேல் நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. மின் விசையைப் பெருக்கும் கருவிக்கும், அவ்விசையை ஒலியாக மாற்றி வெளியிடும் கருவிக்கும் தமிழ் மக்கள் இந்த ஒரே பெயரை இட்டுவிட்டார்கள். பின்னது எதையும் பெருக்குவதில்லை. தனக்குக் கிடைத்த மின்சாரத்தில் ஒரு சிறு பங்கை ஒலியாக்கி, எஞ்சியதை வெப்பமாக இழந்துவிடுகிறது. வீடுகளில் காணும் சாதாரணப் பெட்டிகளில் நூற்றுக்கு ஒரு பங்கு ஒலியானாலே அது நல்ல பெட்டிதான். ஒலி போதவில்லை என்றதும் கடைக்குப் போய் ‘அதிக வாட்’ கேட்கும் பழக்கம் இந்தப் பெயர்க் குழப்பத்தால் ஓரளவு வளர்ந்ததோ என்று ஐயுறுகிறோம்.

கணக்கைச் சற்றே பார்ப்போம். ஒரு வாட் விசை கொடுத்து, ஒரு மீட்டர் தொலைவில் ஒலியை அளக்கிறார்கள். சாதாரணப் பெட்டி 87 டெசிபல் அளவு தரும். உணர்திறன் மிக்கது 97 தரும். பத்து டெசிபல் வேறுபாடு என்பது விசையில் பத்து மடங்கு. ஆகவே முதற்பெட்டிக்கு 50 வாட் தேவைப்படும் இடத்தில் இரண்டாவதற்கு 5 வாட் போதும். பன்னிரண்டடி, பதினைந்தடி அறையில், பத்தடி தள்ளி அமர்ந்து கேட்பவருக்கு இத்தகைய பெட்டியில் ஒரு வாட்டே தாராளம்.

மின் விசை அரிதாக இருந்த நாட்களில் இந்த உண்மையை யாவரும் அறிந்திருந்தனர். 1935ஆம் ஆண்டில் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி மைசூரில் ‘ஆகாசவாணி’ என்ற பெயரில் ஒலிபரப்பைத் தொடங்கியபோது அவருடைய கருவியின் ஆற்றல் 30 வாட் மட்டுமே. காகிதக் கூம்பும் கம்பிச் சுருளும் கொண்ட இன்றைய ஒலிபெருக்கியின் அமைப்பை அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆயினும் பேசும்படக் கொட்டகைகளுக்கு நாகசுரத்தின் அணைசைப் போல விரிந்த வாயுள்ள பெருங்குழல்களே உதவின. அவற்றைக்கொண்டு சில வாட் விசையிலேயே பெரிய கொட்டகைகளை நிறைத்தார்கள். பெங்களூர் ஜாலஹள்ளியில் 1954ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் வானொலி வால்வுகளை உற்பத்தி செய்தது. அக்காலத்து வீட்டு வானொலிப் பெட்டிகளில் இறுதி வால்வு தந்தது ஏறக்குறைய நான்கைந்து வாட். அதைக் கொண்டே வீடு முழுவதும், சில வேளைகளில் அடுத்த வீடும், கச்சேரி கேட்டது.

பிறகு நிலைமை மாறியதேன்? பெட்டி சிறியதாக இருக்க வேண்டும், தாழ்ந்த சுருதிகளும் கேட்க வேண்டும் என்று மக்கள் விரும்பினர். 1954ஆம் ஆண்டில் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர் காற்றுப் புகாத சிறிய பெட்டியில் ஆழ்ந்த ஒலியைப் பெறும் முறையை விற்பனைக்குக் கொணர்ந்தார். இயற்கை இதற்கு விலை கேட்டது. பெட்டியின் அளவை மாற்றாமல் ஒரு ஸ்தாயி கீழே இறங்க வேண்டுமானால் திறன் எட்டில் ஒரு பங்காகக் குறையும். டிரான்சிஸ்டர் வந்து விசை மலிந்துவிட்டபடியால் இந்த இழப்பை எவரும் பொருட்படுத்தவில்லை. இதற்கு நேர்மாறான வழியை 1946ஆம் ஆண்டிலேயே பால் கிளிப்ஷ் காட்டியிருந்தார். அவர் அமைத்த பெருங்குழலை அறையின் மூலையில் வைத்தால் இருபுறத்துச் சுவர்களே குழலின் தொடர்ச்சியாகிவிடும். அறையையும் கருவியின் ஓர் உறுப்பாகக் கொண்ட அந்த யோசனை மிக அழகியது என்பது நம் கருத்து. ஆனால் அதற்கு நல்ல மூலைகள் வேண்டும். இன்றைய குடியிருப்புகளில் ஒரு மூலையில் கதவு இருக்கும். மற்றொன்றில் பீரோ இருக்கும்.

அறையின் குணத்தை முதன்முதலில் எண்ணால் அளந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து வாலஸ் சாபின். 1895ஆம் ஆண்டில் பேச்சு விளங்காத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சீர்திருத்தும் பணி அவரிடம் வந்தது. ஆசன மெத்தைகளை உள்ளே சுமந்து வந்து, ஒலி அடங்கும் நேரத்தை இரவெல்லாம் அளந்தார். ஒலியை விழுங்கும் ஆற்றலுக்கு அவர் கொண்ட அலகு திறந்த சன்னல்! வெளியே சென்ற ஒலி திரும்புவதில்லை அல்லவா? நம்மூர் வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான அலகு கிடைக்காது. பன்னிரண்டடி அகலம், பதினைந்தடி நீளம், பத்தடி உயரமுள்ள வெற்று அறையை எடுத்துக்கொள்வோம். சிமெண்டும் ஓட்டுத்தரையும் தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கை விழுங்குவதாகக் கொண்டால், எதிர்முழக்கம் அடங்க மூன்று வினாடிக்கு மேல் ஆகும். மூன்றடிக்கு நான்கடி அளவுள்ள சன்னல்கள் இரண்டைத் திறந்துவிட்டால் அது ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடுகிறது. ஜமுக்காளமும் புத்தக அலமாரியும் நான்கு மனிதர்களும் சேர்ந்தால் பாட்டின் சாகித்தியம் தெளிவாக விழும்.

பசவனகுடியிலும் மல்லேசுவரத்திலும் இருந்த பழைய வீடுகளின் தரை செங்காவி பூசிய கடுந்தரைதான். ஆனால் மேலே மங்களூர் ஓட்டின் இடுக்குகள், சுற்றிலும் திறந்த சன்னல்கள், உள்ளே பாயும் மெத்தையும் என்று ஒலி அடங்க வழி பல இருந்தது. இன்று கண்ணாடிக் கதவைச் சாத்தி, பளபளக்கும் ஓட்டின்மேல் பெட்டியை வைத்து, தெளிவு போதவில்லையென்று விசையைக் கூட்டுகிறார்கள். விசை கூடினால் முழக்கமும் உடன் கூடும். தெளிவு அப்படியே நிற்கும். வீணையின் மீட்டுக்குப் பின் தேயும் கார்வை இதில்தான் முதலில் மூழ்கிப் போகிறது.

திறந்த வெளியில் கதை வேறு. சாமராஜபேட்டைக் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் 1939 முதல் ஸ்ரீ ராமசேவா மண்டலி ராமநவமிக் கச்சேரிகளை நடத்திவந்திருக்கிறது. பந்தலில் ஒலியைத் திருப்பித் தரச் சுவர் இல்லை. தொலைவு இரட்டித்தால் அதே அளவில் கேட்க நான்கு மடங்கு விசை வேண்டும். பத்தடியில் கேட்பதை எண்பதடியில் கேட்க 64 மடங்கு. அங்கே உணர்திறன் மிக்க குழல் இன்றியமையாதது. அதே குழலைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தால், உயர்ந்த ஸ்வரம் ஒரு வாயிலும் தாழ்ந்தது வேறு வாயிலுமாகப் பிரிந்து ஒலிக்கும். அவை ஒன்று கலக்கப் போதிய தூரம் இராது. பெருக்கியின் ‘உஸ்’ என்ற மெல்லிய இரைச்சலையும் அது ஒளிக்காமல் சொல்லிவிடும். சிறிய அறைக்கு நடுத்தர உணர்திறனே மேல் என்போம்.

இனி வைக்கும் இடம். பதினைந்தடி நீள அறை வினாடிக்குச் சுமார் 38 அதிர்வுகளிலும், அதன் மடங்குகளாகிய 75, 113 ஆகியவற்றிலும் தானாகவே முழங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமாகிவிட்டால் முழக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். மூலையில் வைத்த பெட்டி இவை எல்லாவற்றையும் தட்டி எழுப்பும். மிருதங்கத்தின் வலந்தலையில் இட்ட கரும்பூச்சு அதன் ஸ்வரங்களை எவ்வாறு ஒழுங்குபடுத்துகிறது என்பதைப் பெங்களூரிலிருந்தும் ஆராய்ந்து எழுதியவர் சர் சி. வி. ராமன். அத்தனை நுட்பமான வாத்தியத்தின் தொப்பி, தவறான மூலையில் வெறும் பீப்பாயாகிவிடுகிறது. பெட்டியைச் சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி முன்னே இழுத்தால் பெரும்பாலும் தீரும். தீராவிட்டால் ஓர் உபாயம் உண்டு. பெட்டியை நாம் அமரும் நாற்காலியில் வைத்துப் பாடவிட்டு, அறையைச் சுற்றி நடக்க வேண்டும். தொப்பி எங்கே தெளிவாகக் கேட்கிறதோ அங்கேதான் பெட்டிக்கு உரிய இடம்.

இரட்டைத் தட ஒலிப்பதிவுக்கு ஆலன் பிளம்லைன் 1931ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் உரிமை கோரினார். இருவேறு பெட்டிகளும் கேட்பவரும் முக்கோணத்தின் மூன்று முனைகளாக, ஏறக்குறைய சம தூரத்தில் இருந்தால் மேடை கண்முன் விரியும்: நடுவே பாடகர், நமக்கு வலப்புறம் பிடில், இடப்புறம் மிருதங்கம். இடக்கைப் பழக்கமுள்ள பழனி சுப்பிரமணிய பிள்ளை வாசித்த மேடைகளில் இந்த வரிசை மாறும். சௌடையா காலத்து இசைத்தட்டுகளுக்கு முக்கோணமே வேண்டாம். அவை ஒற்றைத் தடத்தவை; சன்னலைத் திறந்து வைத்து ஒரே பெட்டியில் கேட்கலாம்.