மூன்று வருடக் கெடு

1875 மே 12. பூனா மாவட்டத்து சூபா கிராமத்தில் அன்று சந்தை. கூடியிருந்த குடியானவர்கள் வட்டிக்கடைகளுக்குள் புகுந்து, கடன் பத்திரங்களையும் கணக்குப் புத்தகங்களையும் கேட்டுப் பிடுங்கி எரித்தார்கள். தக்காணக் கலவரம் அப்படித்தான் தொடங்கியது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் பருத்தி விலை விழுந்தது, நிலவரி ஏறியது என்று காரணங்கள் பல. அவற்றோடு சேர்ந்த இன்னொன்று, கடனைக் கேட்டு வழக்குப் போட எத்தனை வருடம் என்று கெடு வைத்து 1859-இல் வந்த காலவரையறைச் சட்டம்.

அதற்கு முன் ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனி விதி. சென்னை மாகாணத்தில் 1802-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிப்படி வழக்குப் போட 12 வருடம் இருந்தது. புதிய சட்டம் சாதாரணக் கைக்கடனுக்கு அதை 3 வருடமாகச் சுருக்கியது. வட்டி வருடக்கணக்கில் குட்டி போடாமல் தடுப்பது நோக்கம். நடந்ததோ நேர்மாறு.

மூன்று வருடம் நெருங்கியதும் வட்டிக்காரர் கடன்காரனைக் கூப்பிட்டுப் புதுப் பத்திரம் எழுதி வாங்கினார். அதுவரை சேர்ந்த வட்டி அசலில் ஏறியது. நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு வட்டி என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்றாம் வருட முடிவில் 172 ரூபாய். அதையே அசலாக்கி எழுதினால் ஆறாம் வருட முடிவில் ஏறக்குறைய 296, ஒன்பதாம் வருட முடிவில் 509. பத்திரத்தை மாற்றாமல் விட்டிருந்தால் ஒன்பது வருடத்துக்கும் சேர்த்து 316 தான். கடனாளியைக் காக்க வந்த கெடுவே வட்டிக்காரருக்கு நாள் குறித்துக் கொடுத்தது. 1879-இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் கொண்டுவந்து, விவசாயிகள் மீதான கடன் வழக்குகளுக்குக் கெடுவை 6 வருடமாகவும், பதிவு செய்த பத்திரமானால் 12 வருடமாகவும் நீட்டினார்கள்.

மூன்று வருடம் சரி, எந்த நாட்காட்டியில்? ஊர்ப் பத்திரங்களில் ‘யுவ வருஷம் ஆனி மாதம்’ என்றுதான் தேதி போடுவார்கள். தமிழ் மாதத்தில் ஆனிக்கு 32 நாள்கூட வரும், மார்கழிக்குப் பெரும்பாலும் 29-தான். தக்காணத்தில் சந்திர மாதக் கணக்கு. நடுவே கூடுதலாகச் செருகும் அதிக மாதம் வேறு. சட்டம் இதற்கெல்லாம் இடம் வைக்கவில்லை. ஓர் இந்து தன் வழக்கப்படி மட்டும் தேதியிட்டு, நான்கு மாதத்தில் தருவதாகப் புரோநோட்டு எழுதினாலும், அந்த நான்கு மாதத்தை கிரிகோரியன் கணக்கில்தான் எண்ண வேண்டும் என்று 1908-ஆம் வருடக் காலவரையறைச் சட்டம் உதாரணத்தோடு சொன்னது. இன்று நடைமுறையில் இருக்கும் 1963-ஆம் வருடச் சட்டத்தில் உதாரணம் போய்விட்டது, விதி அப்படியே நிற்கிறது.

எண்ணத் தொடங்கும் நாளைக் கழித்துவிட வேண்டும் என்பது அடுத்த விதி. 2022 மே 15-இல் எழுதிய, கேட்டவுடன் தர வேண்டிய புரோநோட்டுக்கு 2025 மே 15 கடைசி நாள். அன்று கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை என்றால், திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். அதற்கு மறுநாள் போனால் நோட்டு வெறும் காகிதம். காசோலை, உண்டியல் பற்றிய 1881-ஆம் வருடச் சட்டம் இதற்கு எதிர்த்திசையில் போகிறது: தவணைப் பணம் தர வேண்டிய நாள் பொது விடுமுறையானால், முந்தைய வேலை நாளிலேயே தந்தாக வேண்டும். வழக்குப் போடுகிறவருக்கு ஒரு நாள் கூடுகிறது, பணம் தர வேண்டியவருக்கு ஒரு நாள் குறைகிறது. இது நியாயமா என்று கடன்பட்டவரைத்தான் கேட்க வேண்டும்.

இந்தக் கணக்கெல்லாம் தெரிந்தவர்கள் புரோநோட்டின் பின்பக்கத்தைக் காலியாக விடுவதில்லை. கெடு முடியுமுன் ‘வட்டியில் ரூ. 100 வரவு’ என்று தேதி போட்டுக் கடனாளியின் கையெழுத்தோடு ஒரு வரி இருந்தால் போதும், அந்த நாளிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஓடும். கோர்ட்டில் பெரும்பாலும் சண்டை நடப்பது இந்தப் பின்பக்க வரியின் மீதுதான்: கையெழுத்து என்னுடையதா, தேதி பிற்பாடு போட்டதா?

கெடு தாண்டிய கடனுக்கும் ஒரு வழி உண்டு. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி, காலாவதியான கடனைத் தருவதாகக் கடன்பட்டவரே எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது புதிய ஒப்பந்தமாகிவிடும்.