ஏழு துண்டு எழுத்துரு

ஏழு துண்டு எழுத்துரு என்பது கால்குலேட்டர், டிஜிட்டல் கடிகாரம், எடைத்தராசு ஆகியவற்றில் ஒளிரும் எண்களின் சாயலில் அமைந்த எழுத்துரு வகை. மூல வடிவமான திரையை மின்னணுத் தொழிலில் உள்ளோர் 'செவன் செக்மென்ட்' என்பர்.

அமைப்பு

கிடையாக மூன்றும் நெடுக்காக நான்கும் என ஏழு கோடுகள். ஏழும் எரிந்தால் 8. நடுக்கோடு அணைந்தால் 0. வலப்புற இரண்டு மட்டும் எரிந்தால் 1. இவற்றை 128 விதமாக எரியவிடலாம். ஆனால் சாய்கோடு இல்லாததால் ஆங்கிலத்தின் கே, எம், எக்ஸ் போன்றவை சரிவர அமைவதில்லை. அதற்காகவே 14, 16 துண்டுத் திரைகள் வந்தன.

தோற்றம்

துண்டுகளால் எண் அமைக்கும் எண்ணம் மின்னணுவியலுக்கு முந்தையது. அமெரிக்காவில் 1908இல் பிராங்க் வுட் காப்புரிமை கோரிய வடிவத்தில் எட்டுத் துண்டுகள் இருந்தன; எட்டாவது, 4க்கான சாய்கோடு. 1910இல் ஒரு மின்நிலையத்தின் கொதிகலன் அறையில் குண்டு பல்புகளால் ஏழு துண்டு எண்கள் ஒளிர்ந்தன. 1970களில் எல்.இ.டி. பரவிய பிறகே இவ்வடிவம் கைக்கடிகாரம்வரை இறங்கியது. திரைக்காகப் பிறந்த வடிவத்தை அச்சுக்கு ஏற்றியவற்றுள் ஒன்று, 1981இல் ஆலன் பர்ச் வரைந்த 'எல்.சி.டி.' எழுத்துரு. இன்று ஜப்பானியரான கெஷிகன் உருவாக்கிய 'டிசெக்' 7, 14 துண்டு வடிவங்களில் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது.

இந்தியாவில்

இவ்வெண்கள் தேர்தல் முடிவையும் சொல்லியிருக்கின்றன. கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 1982இல் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாகப் பயன்பட்ட மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம், 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுவதற்கும் வந்தது. அதன் பழைய கட்டுப்பாட்டுக் கருவிகள் வாக்கு எண்ணிக்கையை ஏழு துண்டு எல்.இ.டி.யில்தான் காட்டின. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனத்தில் இந்த இயந்திரத்தின் வடிவமைப்பையும் உற்பத்தியையும் மேற்பார்வையிட்டவர் எழுத்தாளர் சுஜாதா.

தமிழும் துண்டுகளும்

வளைவும் சுழியும் மிகுந்த தமிழுக்கு இச்சட்டகம் போதாது. தேனி மாவட்டத்து அனுமந்தன்பட்டியின் பெயரை எழுதிப் பார்த்தால் இது விளங்கும். அ, னு, ந் ஆகியவற்றின் சுழியும் வளைவும் புள்ளியும் ஏழு கோட்டுக்குள் நிற்பதில்லை. அதே பெயரிலுள்ள ப, மேல்கோடும் நடுக்கோடும் அணைந்தால் பிசகின்றி வந்துவிடும். ட-வுக்கு இடப்புற இரண்டும் அடிக்கோடும் போதும். ப-வின் தலைகீழ் வடிவம் துணைக்கால் ஆகும். ஆகவே 'பாட' என்ற சொல்லை ஏழு துண்டில் எழுத முடியும். 'பாட்டு' என்று எழுத முடியாது. பேருந்துகளிலும் ரயில் நிலையங்களிலும் தமிழ் ஒளிர்வது புள்ளிகளால் ஆன பலகைகளில்தான்.

அதே தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை நிறுக்கும் மின்னணுத் தராசில் எடை ஏழு துண்டிலும், கடைப் பலகையில் பெயர் வளைந்த தமிழிலும் இருப்பது இதனால்தான். கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டுத் தரமான யூனிகோடும், 2020இல் வெளியான 13.0 பதிப்பில், 0 முதல் 9 வரையான துண்டு எண்களுக்குத் தனிக் குறியீடுகள் வழங்கியது, எழுத்துகளுக்கு வழங்கவில்லை.