ஜெராக்ஸ் கடை முதல் உச்ச நீதிமன்றம் வரை

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோதே ஒரு நிபந்தனையும் போட்டுவிட்டார்கள். "சார், நீங்க வரலாற்றுத் துறைங்கிறதுக்காக சேரன், சோழன்னு ஆரம்பிச்சுடாதீங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களும் படிக்கிற மாதிரி இருக்கணும்" என்றார்கள். நியாயமான கோரிக்கைதான். எனவே எல்லாருக்கும் கருத்து உள்ள ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்.

டீக்கடை, கல்யாண வீடு, கல்லூரி கேன்டீன் என்று எங்கே உட்கார்ந்தாலும் இந்த மூன்று பேச்சுகள் காதில் விழும். ஒன்று: "காப்பி எடுத்தா என்ன சார் தப்பு? எல்லாரும்தானே எடுக்கிறாங்க." இரண்டு: "கண்டதையும் எழுதுறான். நாலு பேரைப் பிடிச்சு உள்ளே போட்டாத்தான் அடங்குவான்." மூன்று: "மடியில் கனமில்லைன்னா வழியில் பயம் எதுக்கு?" வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலும் ஒரே ஆள்தான் இந்த மூன்றையும் சொல்கிறார்! இந்தப் பேச்சுகள் செல்போனோடு பிறந்தவை அல்ல. மூன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு; அதில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு.

காப்பி எடுத்தால் தப்பா?

ஓலைச்சுவடிக் காலத்தில் நகல் எடுப்பது புண்ணியம். ஓலையைக் கரையான் தின்னும், வெள்ளம் கொண்டுபோகும். பார்த்துப் பார்த்து எழுதியவன் இருந்ததால்தான் நூல் பிழைத்தது. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து, பல பிரதிகளை ஒப்பிட்டு, 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்ற முடிந்ததென்றால், அதற்கு முன் பெயர் தெரியாத எத்தனையோ பேர் காப்பி எடுத்து வைத்ததுதான் காரணம்.

அச்சு இயந்திரம் வந்ததும் நிலைமை மாறியது. ஒருவன் பணம் போட்டு அச்சிட்டால், அடுத்த தெருக்காரன் அதையே பார்த்து மலிவாக அச்சிட்டு விற்கலாம். இங்கிலாந்தில் 1710-இல் ஆன் அரசி காலத்துச் சட்டம் வந்தது. புதிய நூலுக்கு 14 ஆண்டு உரிமை. ஆசிரியர் உயிரோடு இருந்தால் மேலும் 14 ஆண்டு. அதோடு சரி, பிறகு நூல் ஊருக்குச் சொந்தம். அந்தச் சட்டத்தின் தலைப்பிலேயே கல்வியை ஊக்குவிப்பதற்கு என்று போட்டிருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் 1847-இலும் 1914-இலும் வெள்ளையர் சட்டங்கள் வந்தன. இப்போதுள்ளது 1957-ஆம் ஆண்டுச் சட்டம். 1958 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அதில் ஆசிரியர் மறைவுக்குப் பின் 50 ஆண்டு என்று இருந்தது. 1941-இல் மறைந்த தாகூரின் நூல்கள் பொதுவுடைமையாகும் நேரம் நெருங்கியதும், 1992-இல் அதை 60 ஆண்டாக நீட்டினார்கள். கவிஞர் ஒருவருக்காக நீட்டியது நாட்டில் எல்லா எழுத்தாளருக்கும் பொருந்திப்போனது.

வங்கம் உரிமையை நீட்டக் காரணமாயிற்று. தமிழ்நாடு செய்தது நேர் எதிர்! 1921-இல் மறைந்த பாரதியின் பாடல்களுக்கு உரிமை ஒருவரிடம், ஒலிபரப்பு உரிமை இன்னொருவரிடம் என்று சிதறிக் கிடந்தது. சினிமாவில் பாடினால்கூட வழக்கு வரும் நிலை. மக்களும் எழுத்தாளர்களும் போட்ட சத்தத்தில், 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு உரிமையை வாங்கியது. சில ஆண்டுகளில் பாரதி எல்லாருக்கும் பொதுவானார். அன்றைய சட்டப்படி 1971 வரை காத்திருந்திருக்க வேண்டும். ஒரு கவிஞனின் பதிப்புரிமையை ஓர் அரசே வாங்கி ஜனங்களுக்குக் கொடுத்தது இந்த மண்ணில் நடந்தது.

நான் படித்த 1985-88 காலத்துக்கு வருவோம். நம் ஊரில் பாட்டு ரிக்கார்டிங் கடையில் லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் 60 நிமிஷம், 90 நிமிஷம் கேசட்டில் பதிந்து தருவார்கள். ஜெராக்ஸ் கடை அப்போதுதான் எட்டிப் பார்த்தது; ஒரு பக்கத்துக்குக் கொடுக்கும் காசில் டீ குடித்துவிடலாம். லைப்ரரியில் ஒரே பிரதி, வகுப்பில் அறுபது பேர். யாராவது ஒருவர் ஜெராக்ஸ் எடுப்பார், அதைப் பார்த்து ஆறு பேர் கையால் எழுதுவோம். சட்டம் என்ன சொல்கிறது என்று எவனுக்குத் தெரியும்?

சட்டம் சொன்னது நமக்குச் சாதகமாகத்தான் இருந்தது. அது தெரிய 2016 வரை ஆயிற்று. தில்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பள்ளி வளாகத்தில் ராமேஸ்வரி என்று ஒரு ஜெராக்ஸ் கடை. ஆசிரியர்கள் பாடத்திட்டப்படி பல நூல்களிலிருந்து பகுதிகளைச் சொல்ல, கடைக்காரர் அவற்றைத் தொகுத்துக் கட்டாக விற்றார். 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் என்ற மூன்று பதிப்பகங்களும் சேர்ந்து அந்தக் கடைமீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குப் போட்டன. கேட்ட நஷ்ட ஈடு 60 லட்சம்! மாணவர்கள் சங்கம் அமைத்து வழக்கில் நுழைந்தார்கள். வழக்கை வாபஸ் வாங்குங்கள் என்று பதிப்பகங்களைக் கேட்டுக்கொண்டவர்களில் அமர்த்தியா சென்னும் ஒருவர். அந்தப் பதிப்பகங்களின் நூலாசிரியரே அவர்தான்.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை தெய்வம் கொடுத்த உரிமையோ இயற்கை உரிமையோ அல்ல, அறிவு வளரச் சட்டம் கொடுத்தது என்பது அவர் தீர்ப்பின் சாரம். ஆசிரியரும் மாணவரும் பாடம் நடத்தும் போக்கில் நகல் எடுப்பதை 52-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. முன்பு கையால் எழுதியதை இப்போது இயந்திரம் செய்கிறது, அவ்வளவுதான். அப்பீலில் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தப் பகுதிகள் பாடத்துக்குத் தேவைதானா என்று விசாரிக்கச் சொன்னது. 2017 மார்ச்சில் பதிப்பகங்களே விலகிக்கொண்டன.

அதற்காக 'எல்லாம் ஃப்ரீ' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பாடப் பகுதியைக் காப்பி எடுப்பது வேறு. புதுப் படத்தை ரிலீஸ் அன்றே இறக்கிப் பார்ப்பது வேறு. பின்னதில் லைட் பாய் வரை பல பேருடைய உழைப்பு போகிறது. நம் மாநிலம் இதில் எவ்வளவு கோபப்பட்டது தெரியுமா? கள்ளச் சாராயக்காரர்களுக்கும் ரவுடிகளுக்குமென்று 1982-இல் போட்ட குண்டர் தடுப்புச் சட்டத்தில், 2004-இல் திருட்டு வி.சி.டி.காரர்களையும் சேர்த்தது. விசாரணை இல்லாமலே 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். இது கொஞ்சம் ஓவர் என்பது என் கருத்து. பதிப்புரிமைச் சட்டத்திலேயே ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை இருக்கிறது. விசாரித்துத் தண்டிக்க வழியிருக்கும்போது விசாரிக்காமல் அடைப்பது எதற்கு?

கோபத்தில் அடிக்கும் அடி பக்கத்து வீட்டுக்காரன்மீது விழும் என்பதற்கும் சென்னையே சாட்சி. 2012-இல் 'கொலவெறி' பாட்டால் பிரபலமான '3' படத்துக்கும், ஒரு தெலுங்குப் படத்துக்கும் பாதுகாப்பு கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கினார்கள். திருடுவது யாரென்று தெரியாததால் பெயர் தெரியாதவர்மீது வாங்கும் உத்தரவு அது. நம் நாட்டில் அதற்கு 'அசோக் குமார் உத்தரவு' என்று செல்லப்பெயர்! இன்டர்நெட் கம்பெனிகள் என்ன செய்தன? படம் இருந்த பக்கத்தை மட்டும் அடைக்காமல், விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களையே இழுத்து மூடின. தன் குறும்படத்தை அங்கே ஏற்றி வைத்திருந்த விஸ்காம் மாணவனுக்கும் கதவு சாத்தப்பட்டது. ஜூன் மாதம் நீதிமன்றம் விளக்கம் சொல்லியது: திருட்டுப் படம் உள்ள குறிப்பிட்ட பக்கத்தை மட்டும் அடையுங்கள், முழுத் தளத்தையும் அல்ல. ஒரு கடையில் திருட்டுப் பொருள் இருந்தால் பஜாரையே சீல் வைப்பார்களா?

பிடித்து உள்ளே போடலாமா?

இரண்டாவது பேச்சுக்கு வருவோம். குடியரசு பிறந்த சில வாரங்களிலேயே, 1950 மார்ச்சில், பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வாரப் பத்திரிகை சென்னை மாகாணத்துக்குள் நுழையக் கூடாது என்று அரசு தடை போட்டது. ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் நேரே உச்ச நீதிமன்றம் போனார். மே மாதமே தீர்ப்பு: தடை செல்லாது. பேச்சுரிமைக்குக் கிடைத்த முதல் வெற்றிகளில் அது ஒன்று. அரசும் சும்மா இருக்கவில்லை. 1951-இல் முதல் திருத்தமாக அரசியல் சட்டத்தையே மாற்றி, 'பொது ஒழுங்கு' என்பதைக் கட்டுப்பாட்டுக் காரணங்களில் சேர்த்தது. கூடவே கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற சொல்லும் சேர்ந்தது. இன்றுவரை அந்த ஒரு சொல்மீதுதான் எல்லா வழக்கும் நடக்கிறது.

பிறகு 66ஏ வந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-இல் சேர்த்த பிரிவு. எரிச்சல் ஊட்டும்படி, சங்கடப்படுத்தும்படி எழுதினால் மூன்று வருஷம். எரிச்சல் யாருக்குத்தான் வராது? 2012 அக்டோபரில் புதுச்சேரியில் ஒரு தொழிலதிபரைச் சில வரிகளுக்காகக் கைது செய்தார்கள். அடுத்த மாதம் மகாராஷ்டிரத்தின் பால்கரில், ஊர் ஏன் அடைத்துக் கிடக்கிறது என்று கேட்ட பெண்ணும் அதற்கு 'லைக்' போட்ட தோழியும் கைதானார்கள். அதைக் கண்டு ஷ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் வழக்குத் தொடர்ந்தார். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் 66ஏ-யை ரத்து செய்தது. தம்பிகளே, தங்கைகளே, அவர் அப்போது உங்கள் வயதுக்காரர்தான்!

வாட்ஸ்அப் குரூப் அட்மின்களுக்கு ஒரு நல்ல செய்தி. கரூர் வழக்கறிஞர்கள் குரூப் ஒன்றில் யாரோ போட்ட பதிவுக்கு அட்மின்மீதும் வழக்குப் பதிந்தார்கள். 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆளைச் சேர்க்கவும் நீக்கவும் மட்டுமே முடிந்த அட்மின், உடந்தையாக இல்லாத பட்சத்தில், அடுத்தவர் எழுதியதற்குப் பொறுப்பாக மாட்டார் என்று சொல்லிவிட்டது. ஆனால் பொய்ச் செய்தியைக் கண்டதும் "இது உண்மை இல்லப்பா" என்று சொல்லும் கடமையை எந்தக் கோர்ட்டும் நம்மிடமிருந்து எடுத்துவிடவில்லை. போலீஸ் வருவதற்கு முன் சிநேகிதன் சொல்வது நல்லதில்லையா?

மடியில் கனம்

இந்தப் பழமொழியைச் சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மடியில் கனம் என்றால் குற்றம் என்று அர்த்தமில்லை. சம்பாதித்த காசையும் மடியில்தான் முடிந்துகொண்டு போவோம். பயம், வழியில் கள்ளன் இருப்பதால் வருகிறது!

இதிலும் நம் மாநில வழக்கு ஒன்று வழிகாட்டியது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் தன் கதையை எழுதினார். அதில் அதிகாரிகளுடைய தொடர்புகள் வந்தன. 'நக்கீரன்' வெளியிடக் கூடாது என்று அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இரண்டு பக்கமும் பேசியது: தன்னைத் தனியே விட்டுவிடும்படி கேட்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு, ஆனால் பொது ஆவணத்தில் உள்ளதை எழுதலாம், அதிகாரி தன் அலுவல் சம்பந்தமானதை மறைக்க இந்த உரிமையைச் சாக்காகக் காட்ட முடியாது, அச்சாவதற்கு முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை. குடிமகனுக்குத் திரை, அதிகாரத்துக்கு வெளிச்சம் என்பதே அதன் பொருள்.

1996-இல் தொலைபேசி ஒட்டுக் கேட்பதற்கு நெறிமுறைகள் வந்தன. ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி ஆதாரை எதிர்த்து 2012-இல் தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். ஆதார் திட்டம் 2018 தீர்ப்பில் பெரும்பாலும் நிலைத்தது; ஆனால் சிம் கார்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் கட்டாயமில்லை என்றானது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. சட்டம் வந்தாலும், லாட்ஜிலும் ஜெராக்ஸ் கடையிலும் ஆதார் நகலை நீட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருகிறவர்கள் நாம்தான்.

நம் வீட்டுக் கணக்கு

ஊர்க் கதை பேசியது போதும், நம் சங்கத்துக்கு மூன்று விண்ணப்பங்கள்.

முதலாவது, நம் கல்லூரியின் பழைய ஆண்டு மலர்கள் பழுப்பேறி உடைகின்றன. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். பாதுகாப்புக்காக நூலகங்கள் மின்வடிவில் சேமிக்க 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது; அது நம் நூலகத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று நம்மிடையே உள்ள வக்கீல் நண்பர்கள் சொல்லட்டும். ஆனால் எல்லாரும் படிக்கும்படி வெளியிட, எழுதியவரின் சம்மதம் வேண்டும். அதில் எழுதியவர்கள் நாம்தானே! கூட்டத்துக்கு வரும்போது, "என் கவிதையை, கட்டுரையை யாரும் படிக்கலாம்" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். பாரதிக்கு ஓர் அரசு செய்ததை நம் எழுத்துக்கு நாமே செய்துகொள்ளலாம்.

இரண்டாவது, மலரின் கடைசியில் எல்லார் முகவரியும் போன் நம்பரும் அச்சிடும் வழக்கம் நமக்கு உண்டு. அன்று அது பாசம். இன்று அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்தால் மோசடிக்காரன் கைக்கு நொடியில் போகும். சம்மதம் தந்தவர்களுடையதை மட்டும் அச்சிடுவோம். முக்கியமாக, சகோதரிகள் தனியே இருக்கும் வீடுகளை நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, மாணவர்களுக்கு. நகல் எடுங்கள், படியுங்கள். எழுதியவர் பெயரை மட்டும் கிழித்துவிடாதீர்கள். அடுத்தவர் புராஜெக்டில் உங்கள் பெயரைப் போட்டுக்கொள்வதை 52-ஆவது பிரிவு காப்பாற்றாது! ஏடெழுதிய அந்தப் பெயர் தெரியாத மனிதர்கள், நூலாசிரியர் பெயர் தெரிந்த இடத்தில் அதை விடாமல் எழுதி வைத்தார்கள். நமக்கு இன்று புலவர்களின் பெயர்கள் தெரிவது அதனால்தான்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!