கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழிசை: வகுப்புக்குள் வந்ததும் வெளியே நின்றதும்

கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கலக்கும் இடத்தில் ஈயச் சுரங்கக் குடியிருப்பாக எழுந்த கோலாலம்பூரில் தொடங்கி, கிள்ளான் ஆறு மலாக்கா நீரிணையைச் சேரும் துறைமுகம் வரை நீளும் நிலப்பகுதி இன்று கிள்ளான் பள்ளத்தாக்கு என வழங்கப்படுகிறது. இங்கே ஒன்றரை நூற்றாண்டாகத் தமிழர் பாடியும் வாசித்தும் வந்த இசையின் வரலாறு பெரும்பாலும் சபைகளையும் நடனப் பள்ளிகளையும் கொண்டே எழுதப்படுகிறது. பதிவேடும் ஆண்டுமலரும் அவற்றிடமே இருப்பதால் இது வியப்பன்று. ஆயினும், எந்த இசை இளையோர் கைக்குச் சேர்ந்தது, எது சேரவில்லை என்ற கேள்வியோடு பார்க்கும்போது, ஆசிரியரும் பாடத்திட்டமும் இருந்ததால் வாழ்ந்த இசை ஒன்று, அவை இல்லாமலேயே வாழ்ந்த இசை மற்றொன்று, இரண்டுக்கும் நடுவே யாரும் கவனிக்காமல் மறைந்த இசை வேறொன்று என மூன்று தனித்தனி வரலாறுகள் தென்படுகின்றன.

முதலாவது வரலாறு இருப்புப்பாதையோடு வந்தது. 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளானுக்கு எதிர்க்கரையிலிருந்த புக்கிட் கூடாவையும் இணைத்துத் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. அதன் அலுவலகங்களுக்கும் பணிமனைகளுக்கும் நில அளவைத் துறைக்கும் ஆங்கிலம் கற்ற எழுத்தர் தேவைப்பட, மிஷன் பள்ளிகளில் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர் வரவழைக்கப்பட்டனர். நகரைச் செங்கல்லால் மீளக் கட்டிய காலத்தில் சூளைகள் நிறைந்திருந்த பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இரயில்வே குடியிருப்புகள் எழுந்தன. 1904இல் விவேகானந்தர் பெயரில் ஆசிரமம் ஒன்றும், அதை அடுத்த ஆண்டுகளில் ஸ்காட் சாலையில் ஈழத்துச் சைவர்களின் கந்தசுவாமி கோயிலும் உருப்பெற்றன. மாதச் சம்பளமும் மாலை நேர ஓய்வும் உடைய இந்தக் குடும்பங்கள், யாழ்ப்பாணத்தில் வழக்கிலிருந்த புராண படனத்தையும், அதாவது கந்தபுராணம் போன்ற நூலை ஒருவர் இசையோடு வாசிக்க மற்றொருவர் பொருள் சொல்லும் முறையையும், தேவாரப் பண்ணிசையையும் உடன் கொண்டு வந்தன. கர்நாடக இசைக்கெனக் கோலாலம்பூரில் சபை ஒன்று நிறுவப்பட்டதும், பிள்ளைகளுக்கு, சிறப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, வாய்ப்பாட்டும் வீணையும் வயலினும் கற்பிப்பது குடும்பக் கடமை போலானதும் இந்தச் சூழலில்தான். இசை மீதிருந்த பற்று ஒருபுறமிருக்க, எழுத்தர் வருக்கத்தார் தம்மைத் தோட்டத் தொழிலாளரிலிருந்து வேறுபடுத்திக் காட்டவும் இந்தக் கல்வி பயன்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வரலாறு இரப்பர்த் தோட்டங்களுக்கு உரியது. கிள்ளான், பத்து தீகா, காப்பார், பந்திங், கேரித் தீவு எனச் சிலாங்கூரின் கடலோரச் சமவெளி முழுவதும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டமாக மாறியது. 1907இல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி தொழிலாளரின் பயணச் செலவை ஏற்றது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டதும் கங்காணி முறையே ஆள் சேர்ப்பின் முதன்மை வழியாயிற்று. இந்திய அரசு 1938இல் தடை விதிக்கும் வரை அது நீடித்தது. கங்காணி என்பவர் தம் சொந்த ஊரிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் உறவினரையும் ஊராரையும் திரட்டி வந்து அவர்களை மேற்பார்வை செய்தவர். இந்த முறையின் கொடுமைகள் பலவாறாக எழுதப்பட்டுள்ளன. அதன் இசை விளைவு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஊர் ஊராக ஆள் வந்ததால் அந்தந்த ஊரின் காவல் தெய்வமும், அதை அழைக்கும் மேளமும், கூத்தும், கும்மியும், ஒப்பாரியும் சிதறாமல் ஒரே லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு, வந்து சேர்ந்தன. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவும் முனியாண்டி பூசையும் அவற்றுக்கு இடம் கொடுத்தன. தப்பு அடிப்பதும் உறுமி வாசிப்பதும் ஒருவர் பிறப்பால் ஏற்கும் வேலையாகக் கருதப்பட்ட வழக்கமும் அவற்றோடு சேர்ந்தே கடல் கடந்தது.

அந்த வழக்கமே பின்னர் இந்த இசைக்கு எதிராகத் திரும்பியது. 1929இன் இறுதியில் ஈ.வெ. இராமசாமி மலாயாவுக்கு வந்து ஈப்போவிலும் பிற நகரங்களிலும் பேசியதைத் தொடர்ந்து வலுப்பெற்ற தமிழர் சீர்திருத்த இயக்கமும், 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய ‘தமிழ் முரசு’ இதழும் சாதிக்கும் கள்ளுக்கும் எதிராக நடத்திய பரப்புரையில், பறையடித்தலையும் அருள் வந்து ஆடுதலையும் கைவிட வேண்டிய இழிவுகளாகவே கண்டன. இழிவு கலைஞன் மீது சுமத்தப்பட்டதேயன்றிக் கருவியில் இல்லை என்று பிரித்துப் பார்க்கும் அவகாசம் அந்தத் தலைமுறைக்கு வாய்க்கவில்லை. விடுதலை தேடிய குடும்பங்கள் தம் பிள்ளைகளை மேளத்திலிருந்து விலக்கியதில் குறை காண இயலாது; ஆனால் அதன் விளைவாக, கற்றுக் கொடுக்கத் தெரிந்தவர் இருந்தும் கற்றுக் கொடுப்பதைப் பெருமையாகக் கருதாத ஓர் இடைவெளி உண்டாயிற்று.

தோட்டப் பள்ளிக்கூடமும் இதை ஈடு செய்யவில்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி செல்லும் வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. ஆனால் அப்பள்ளிகள் பலவற்றில் கங்காணியோ கிராணியோ ஆசிரியராக இருந்து எழுத்தும் எண்ணும் மட்டுமே சொல்லிக் கொடுத்தனர். கிராணி என்பது தோட்ட அலுவலக எழுத்தரைக் குறிக்கும் சொல். பாட்டு என்றால் கடவுள் வாழ்த்தும் நீதிப்பாடலுமே. பிள்ளைகள் வீட்டில் கேட்ட பாட்டு பள்ளி வாசலைத் தாண்டியதில்லை. வானொலியின் தமிழ்ப் பகுதி நாட்டுப்புற இசைக்கு அவ்வப்போது இடமளித்தபோதிலும், சென்னைத் திரையிசைக்கும் கச்சேரி இசைக்கும் அடுத்த நிலையிலேயே அதனை வைத்தது.

விடுதலைக்குப் பின்னர்க் கச்சேரி இசையும் பரதமும் நிறுவன வடிவம் பெற்ற கதை ஓரளவு அறியப்பட்டது. 1950களில் இந்தியாவிலிருந்து வந்து நிலைத்த கோபால் ஷெட்டி, வி.கே. சிவதாஸ் முதலிய நடன ஆசிரியர்கள் ஒரு தலைமுறை மாணவரை உருவாக்கினர். சுவாமி சாந்தானந்த சரசுவதியின் தூண்டுதலால் 1981இல் இவர்கள் ஒன்றிணைந்து தொடங்கிய ‘டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்’ பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் பெர்ஹாலாவில் இன்று அரங்கமும் வகுப்பறைகளும் அன்னலட்சுமி சைவ உணவகமும் சேர்ந்த வளாகமாக விளங்குகிறது. உண்டவர் மனமுவந்து தருவதே விலை என்ற அந்த உணவகத்தின் முறை கலைக்கல்வியை வணிகத்திலிருந்து விலக்கி வைக்கும் அதே நோக்கிலிருந்து பிறந்தது. இங்குக் கர்நாடக இசையோடு இந்துஸ்தானி இசையும், பரதத்தோடு கதக்கும் ஒடிசியும் கற்பிக்கப்படுகின்றன. சீன, மலாய் மாணவரும் பயின்றுள்ளனர். மலாய் இனத்தவரான ராம்லி இப்ராகிம் 1983இல் நிறுவிய சூத்ரா நடனக் குழு, வசதி குறைந்த இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளைத் தேடிச் சென்று ஒடிசி பயிற்றுவித்தது. தோட்டத்து வழித்தோன்றல்களிடம் செவ்வியல் கலை சென்று சேர்ந்த இந்த வழி போற்றத்தக்கதே. எதிர்த்திசையில், அப்பிள்ளைகளின் பாட்டன் வாசித்த உறுமி அரங்கத்து வகுப்பறைக்கு வரவில்லை என்பதும் உண்மையே.

இவ்விரண்டுக்கும் இடையே பாலமாக நின்றது தேவாரம். 1965இல் தோன்றிய மலேசிய இந்து சங்கம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தி வரும் திருமுறை ஓதும் விழா, வட்டார நிலையில் தொடங்கி மாநில நிலை வழியாகத் தேசிய நிலைக்கு உயரும் போட்டியாகும். திருமுறை என்பது சைவ அடியார் பாடல்களின் பன்னிரு தொகுதி. பண் என்பது அவற்றில் பலவற்றுக்கு உரிய பழைய இசையமைதி. சபையில் கட்டணம் செலுத்திப் பயில வழியில்லாத குடும்பத்துப் பிள்ளையும் கோயில் மண்டபத்து ஞாயிறு வகுப்பில் சில பதிகங்களைப் பாடக் கற்றதற்கு இந்த விழாவே காரணம். போட்டி என்ற அமைப்பு, மதிப்பெண் பெறும் பதிகங்களை மட்டுமே திரும்பத் திரும்பப் பாட வைக்கும் குறையும் உடையது; ஆயினும் ஓதுவார் மரபே இல்லாத ஒரு நாட்டில் இதைவிடப் பரவலான இசைக்கல்வி தமிழருக்கு வாய்த்ததில்லை. மங்கல இசையின் நிலை இதற்கு மாறானது. நாதசுரமும் தவிலும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருவிக்கப்பட்ட கலைஞரையே நம்பியிருந்ததால், அயல்நாட்டுப் பணியாளருக்கான அனுமதியில் அரசு கட்டுப்பாடு விதித்த போதெல்லாம் கோயில்கள் திண்டாடின. உள்ளூர் இளைஞரைப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற பேச்சும் அப்போதுதான் எழுந்தது.

1980களுக்குப் பின்னர்த் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புப் பகுதிகளாயின. சீபீல்ட் தோட்டத்தின் மீது சுபாங் ஜெயாவின் புறநகர் எழுந்தது. பெராங் பெசார் உள்ளிட்ட தோட்டங்கள் 1995க்குப் பின் புத்ராஜெயாவாயின. கிள்ளானின் புக்கிட் ராஜா தோட்டம் வீடுகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த நகரமாயிற்று. லயங்களை விட்டு அடுக்குமாடிகளுக்கும் தாமான்களுக்கும், அதாவது புதிய குடியிருப்புப் பகுதிகளுக்கும் இடம்பெயர்ந்த குடும்பங்களோடு தோட்டத்து இசை முற்றாக அழிந்துவிடும் என்று எதிர்பார்த்திருந்தால் அது நியாயமான எதிர்பார்ப்பே. நடந்தது வேறு. இடைசுருங்கிய உடலும் இருபுறத் தோலும் உடையது உறுமி. வளைந்த குச்சியால் ஒரு புறத் தோலைத் தேய்த்து உறுமல் எழுப்பி, மறுபுறத்தை நேர்க்குச்சியால் அடித்து வாசிக்கப்படுவது. பம்பையும் தவிலும் தாளமும் சேர்ந்த உறுமி மேளம் நகர்ப்புற இளைஞரின் குழு இசையாகப் புத்துயிர் பெற்றது. குழுவுக்கொரு பெயரும், பெயர் அச்சிட்ட சட்டையும், சொந்தமாகப் புனைந்த முனீஸ்வரர், காளியம்மன் பாடல்களும், குறுந்தட்டுப் பதிவுகளும் வந்தன. பிறப்பால் வரும் வேலை என்ற பழைய எல்லை இந்தக் குழுக்களில் பெரிதும் தளர்ந்தது. சீர்திருத்தக்காரர் கருவியைக் கைவிட்டுச் சாதிக்க நினைத்ததை, இளைஞர் கருவியைக் கையில் எடுத்தே ஓரளவு சாதித்தனர் என்று சொல்வது மிகையாகாது.

உறுமி மேளம் இவ்வாறு புத்துயிர் பெற்றதற்குக் காரணம் தெளிவானது. 1892 முதல் பத்துமலைக் குகைக் கோயிலில் கொண்டாடப்பட்டு வரும் தைப்பூசத்தில், கோலாலம்பூரில் 1873இல் நிறுவப்பட்ட மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி இரதம் புறப்படுகிறது. பல்லாயிரவர் காவடி எடுக்கின்றனர். காவடி எடுப்பவருக்கு மேளம் வேண்டும். அருள் இறங்கவும், வலி தாங்கவும், கால் தளராமல் படியேறவும் அந்த ஓசையே துணை. சிங்கப்பூரில் 1973 முதல் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை இருந்து, 2016இல்தான் சில இடங்களில் மட்டும் நேரடி இசை மீண்டும் அனுமதிக்கப்பட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கில் அத்தகைய முழுத்தடை இல்லாததால் ஆண்டுதோறும் புதிய குழுக்களுக்குத் தேவை இருந்துகொண்டே வந்தது. திரைப்பாடல் மெட்டையும் கட்டுமீறிய ஆட்டத்தையும் கோயில் நிருவாகங்களும் சமய அமைப்புகளும் கண்டித்து வருகின்றன. கண்டனம் பல வேளைகளில் பொருத்தமானதே என்றாலும், கண்டிப்பவர்கள் நல்ல வாசிப்பு எது என்பதைக் கற்பிக்க ஒரு வகுப்பைத் திறப்பது அரிதாகவே நிகழ்ந்தது. பதினைந்து வயதுப் பையன் அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் மூத்தவனின் கையைப் பார்த்தே கற்கிறான்; அடவுகளுக்குப் பெயரோ எழுத்துக் குறிப்போ இல்லை.

எழுத்தின்றி இசையைக் கைமாற்றுவது தனித்த நிலையன்று. யூனான், மியான்மார், லாவோஸ், தாய்லாந்து மலைகளில் வாழும் ஆகா மக்கள் முன்னோர் வரிசையை மனப்பாடமாக ஓதியும் சடங்குப் பாடல்களைக் கேட்டே கற்றும் வந்தவர்கள். அவர்களின் இளையோர் நகரப் பள்ளிகளுக்குப் பெயர்ந்தபோது அந்தச் சங்கிலி தளர, கிராமத்து முதியோரைக் கொண்டே வகுப்பு நடத்தும் முயற்சிகள் தோன்றின. கேரித் தீவிலேயே, தமிழர் உழைத்த தோட்டத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், மா மெரி எனும் பழங்குடியினர் மூங்கிற் குழல்களை மரக்கட்டை மீது குத்தி எழுப்பும் தாளத்துக்கு முகமூடி ஆட்டம் ஆடுகின்றனர். முன்னோரைப் போற்றும் ஹரி மோயாங் விழாவும் சுற்றுலாப் பயணிகளின் வருகையும் அந்த ஆட்டத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் காரணங்களாயின. சுற்றுலாவுக்காக ஆடுவது மரபைக் கெடுக்கும் என்ற வாதத்தில் வலு இருப்பினும், ஆடும் வாய்ப்பே இல்லாத மரபுக்கு அந்த வாதம் எட்டுவதில்லை.

மூன்றாவது வரலாற்றுக்கு உரிய தோட்டத்துத் தாலாட்டும் வேலைப்பாட்டும் அத்தகைய வாய்ப்பற்றவை. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆளெண்ணிக்கை எடுக்கும் கூட்டத்துக்கு, தாய் போய்விட, பிள்ளை ஆயாக்கொட்டகையில் கிடந்தது. பல வீட்டுப் பிள்ளைகளை ஒருசேர உறங்க வைத்த ஆயாவின் பாட்டில் மாமன் சீரும் கங்காணியின் கெடுபிடியும் கப்பல் பயணமும் கலந்திருந்தன. பால்மரம் வெட்டும்போது நிரைக்கு நிரை குரல் கொடுத்துப் பாடிய பாட்டும், ஜப்பானியர் ஆட்சியில் சயாம் இரயில்பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பாதவர்க்கு வைத்த ஒப்பாரியும் அவ்வாறே. இவற்றைக் கேட்கத் திருவிழாவும் இல்லை, போட்டியும் இல்லை, பயணியும் இல்லை. இவற்றைப் பதிவு செய்யக்கூடிய இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இயங்கியது. 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடும் கோலாலம்பூரிலேயே கூடியது. லயங்கள் அப்போது நிறைந்திருந்தன, பாடத் தெரிந்த பெண்களும் இருந்தனர். ஆனால் பிற்கால ஆர்வலர் ஒலிப்பதிவுக் கருவியோடு சென்றபோது அந்தப் பெண்கள் அடுக்குமாடி வீடுகளில் ஒருவரையொருவர் அறியாமல் சிதறிக் குடியேறியிருந்தனர். நிரையில் எதிர்ப்பாட்டுப் பாடிய துணையில்லாமல் ஒரு குரல் மட்டும் சொன்ன வரிகளே பதிவாயின.