பட்டம் பிறந்த கதை

1964 மே 24. லிமா நகரின் தேசிய மைதானத்தில் பெருவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் ஒலிம்பிக் தகுதி ஆட்டம். பெரு ஒரு கோல் பின்தங்கியிருந்தது, முடியச் சில நிமிடங்களே பாக்கி. பந்து வலைக்குள் போய் அரங்கமே துள்ளியபோது, கோல் செல்லாது என்றார் உருகுவே நடுவர். ரசிகர் ஒருவர் ஆடுகளத்துக்குள் பாய்ந்தார். போலீஸ் கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசியது. மூச்சுத் திணறிப் படிக்கட்டுகளில் இறங்கி ஓடியவர்களுக்குக் கீழே கதவுகள் திறக்கவில்லை. அரசுக் கணக்குப்படியே 328 பேர் மாண்டார்கள். அன்று பெரு சட்டையில் ஆடிய இளைஞர்களில் ஒருவர், எக்தோர் சும்பித்தாஸ்.

லிமாவுக்குத் தெற்கே கான்யேத்தேயில் பிறந்தவர். ஆடியது நடுத் தடுப்பாட்டக்காரராக. உயரமோ ஐந்தடி ஏழு அங்குலத்தை ஒட்டித்தான். தலைக்கு மேல் வரும் பந்துக்கு ஆறடி ஆட்களோடு மோத வேண்டிய இடம் அது. குறையை எகிறிக் குதித்தே ஈடுகட்டினார். வலது காலிலோ இடி இருந்தது. 1966-ல் யுனிவர்சித்தாரியோ கிளப்புக்கு வந்தார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் லீக் பட்டம் அந்த கிளப்புக்கே.

1969-ல் புவேனஸ் ஐரிஸின் போம்போனேரா மைதானத்தில் 2-2 என்று சமன் செய்து, அர்ஜென்டினாவையே உலகக் கோப்பையிலிருந்து வெளியேற்றியது பெரு. மெக்சிகோவுக்கு டிக்கெட் கிடைத்தது. அங்கே முதல் ஆட்டத்துக்கு முன்பே அவர்களுக்கு ஒரு சேதி வந்து சேரும் என்று யாரும் நினைக்கவில்லை.

1970 மே 31, உலகக் கோப்பை தொடங்கிய அதே நாள். பெருவின் அங்காஷ் பகுதியில் நிலம் அதிர்ந்தது. உவாஸ்கரான் சிகரத்திலிருந்து பனியும் பாறையும் சரிந்து யுங்காய் ஊரை அப்படியே மூடிவிட்டன. செத்தவர்கள் சுமார் 70,000 பேர். இரண்டே நாளில், ஜூன் 2 அன்று, லியோன் நகரில் பல்கேரியாவுக்கு எதிராக பெரு ஆடியாக வேண்டும். கையில் கறுப்புப் பட்டையோடு இறங்கிய அணி, இரண்டாம் பாதி தொடங்கிய சற்று நேரத்தில் 0-2 என்று பின்தங்கியது. நாட்டில் பிணங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இங்கே ஆட்டமும் கைநழுவிக்கொண்டிருந்தது.

அடுத்த நிமிடமே கயார்தோ ஒரு கோல் அடித்தார். 55-ஆம் நிமிடத்தில் ஃப்ரீ கிக். பந்துக்கு முன் வந்து நின்றவர் கேப்டன் சும்பித்தாஸ். ஓடி வந்து வெளுத்தார், 2-2. 73-ஆம் நிமிடத்தில் குபியாஸ் வெற்றி கோலைப் போட்டார். கால்பந்தால் செத்தவரை எழுப்ப முடியாது. ஆனாலும் அந்த வாரம் பெரு மக்களுக்குக் கிடைத்த ஒரு நல்ல சேதி அந்த 3-2. காலிறுதியில் பெலேயின் பிரேசில் 4-2 என்று வென்றது; பெருவோ ஒரு மஞ்சள் அட்டைகூட வாங்காமல் ஊர் திரும்பியது.

அடுத்த உலகக் கோப்பைக்கு இதே அணி எளிதாகப் போய்விடும் என்றே தோன்றியது. நடந்தது வேறு. 1973 ஆகஸ்டில் மாண்டிவீடியோவில் நடந்த கூடுதல் ஆட்டத்தில் சிலி 2-1 என்று கதவைச் சாத்தியது. முப்பதை எட்டிவிட்ட தடுப்பாட்டக்காரருக்கு இனி என்ன மிச்சம்?

மிச்சம் இருந்தது. அக்டோபர் 31 அன்று பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானத்தில் ஐரோப்பாவின் தேர்ந்த வீரர்களும் தென்னமெரிக்காவின் தேர்ந்த வீரர்களும் நற்காரியம் ஒன்றுக்காக மோதினார்கள். அந்தப் பக்கம் கிரைஃப், யூசேபியோ. பெலே பிரேசில் அணியை விட்டு இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. தென்னமெரிக்க அணியின் கேப்டன் பட்டை யார் கைக்குப் போயிற்று? உலகக் கோப்பைக்கே தகுதி பெறாத நாட்டின் குள்ளத் தடுப்பாட்டக்காரர் கைக்கு. ஆட்டம் 4-4, பெனால்டியில் தென்னமெரிக்கா வென்றது. அன்று ஒட்டிக்கொண்டதுதான் பெருவில் இன்றும் சும்பித்தாஸ் பெயரோடு சேர்த்தே சொல்லப்படும் பட்டம்: 'அமெரிக்காவின் கேப்டன்'. அமெரிக்கா என்றால் அங்கே முழுக் கண்டமும்.

ஒரு காட்சி ஆட்டத்தில் வந்த பட்டம்தானே என்று சொல்ல இரண்டு ஆண்டு வரை இடம் இருந்தது. 1975 கோபா அமெரிக்கா அரையிறுதியில் பிரேசிலை அதன் மண்ணிலேயே 3-1 என்று சாய்த்த பெரு, லிமாவில் 0-2 என்று தோற்றது. கணக்கு சமன். சீட்டுக் குலுக்கினார்கள்; தென்னமெரிக்கக் கூட்டமைப்பின் தலைவரின் மகள் எடுத்த சீட்டு பெருவுக்கு விழுந்தது. இறுதிச் சுற்றில் கொலம்பியாவோடும் ஆளுக்கொரு வெற்றி. கராகஸில் மூன்றாவது ஆட்டம். சொத்தில் அடித்த ஒற்றை கோல். கண்டத்தின் கோப்பையே கேப்டன் கைக்கு வந்து சேர்ந்தது.

1978 உலகக் கோப்பையில், ரொசாரியோவில் அர்ஜென்டினாவிடம் 0-6 என்று வாங்கிய அடியும் அந்த கேப்டன் கணக்கில்தான் இருக்கிறது. 105 ஆட்டங்கள் முடித்து 1981-ல் தேசிய அணியை விட்டார். கிளப் ஆட்டத்தை மட்டும் விடவில்லை. நாற்பதை ஒட்டிய வயதில், 1983-ல், ஸ்போர்ட்டிங் கிரிஸ்டல் கிளப்போடு இன்னொரு லீக் பட்டமும் வாங்கினார்.