சிவப்பு உடை தினம்

காணாமற்போன, கொலையுண்ட பூர்வகுடிப் பெண்களையும் சிறுமிகளையும் நினைவுகூரக் கனடாவில் ஆண்டுதோறும் மே 5 அன்று கடைப்பிடிக்கப்படும் நாள். மரக்கிளைகளிலும் வீட்டு வாசல்களிலும் சிவப்பு உடைகளை வெறுமையாகத் தொங்கவிடுவது வழக்கம். மெட்டி இனக் கலைஞர் ஜெய்மி பிளாக் 2010இல் தொடங்கிய கலைத்திட்டத்திலிருந்து வந்தது இது. அதற்கும் முன்பே பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பெண்கள் தெருவில் இறங்கியிருந்தார்கள்.

1971 நவம்பரில் மானிட்டோபா மாகாணத்தின் த பாஸ் நகரில் 19 வயதுக் கிரீ இன மாணவி ஒருவர் கடத்திக் கொல்லப்பட்டார். செய்தவர்கள் யாரென்று ஊரில் பலருக்குத் தெரியும். இருந்தும் வழக்கு நீதிமன்றம் ஏற 16 ஆண்டுகள் ஆயின. குற்றத்தில் தொடர்புடைய நால்வரில் தண்டனை பெற்றவர் ஒருவரே. அந்த மாணவி பூர்வகுடியாக இல்லாதிருந்தால் கொல்லப்பட்டிருக்க மாட்டார் என்று 1991இல் வெளியான விசாரணை அறிக்கை கூறியது. மறு ஆண்டு முதல் வான்கூவரில், காதலர் தினமான பிப்ரவரி 14 அன்று, பெண்கள் நினைவு ஊர்வலம் நடந்துவருகிறது.

வான்கூவர் உள்ள அதே மாகாணத்தில், பிரின்ஸ் ரூப்பர்ட் முதல் பிரின்ஸ் ஜார்ஜ் வரை ஏறத்தாழ 720 கிலோமீட்டர் நீளும் 16ஆம் நெடுஞ்சாலைக்குக் கண்ணீர் நெடுஞ்சாலை என்றே பெயர். வழியிலுள்ள பூர்வகுடி ஊர்களில் பேருந்து அரிதாக இருந்தது; மருத்துவரைப் பார்க்கவும் வேலைக்குப் போகவும் கைகாட்டி வண்டியேறிய பெண்கள் பலர் திரும்பவில்லை. பேருந்து விடுங்கள் என்று இந்நெடுஞ்சாலை குறித்து 2006இல் கூடிய மாநாடு கேட்டது. அந்த எளிய கோரிக்கைக்கு மாகாண அரசின் பேருந்து 2017இல்தான் வந்தது.

எத்தனை பேர் என்பதைக்கூட முதலில் எண்ணியது அரசு அல்ல. கனடியப் பூர்வகுடிப் பெண்கள் சங்கம் 2010 வரை 582 பேரின் விவரங்களைத் திரட்டியது. 2014இல் கூட்டாட்சிக் காவல்துறை தன் பதிவேடுகளைப் புரட்டியபோது, 1980 முதல் 2012 வரை 1,181 பேர் எனத் தெரிந்தது. சங்கம் மிகைப்படுத்தவில்லை, குறைத்தே எண்ணியிருந்தது. அப்போதும் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர், இவை குற்றங்கள், சமூகச் சிக்கல் அல்ல என்று தேசிய விசாரணையை மறுத்தார். ஆட்சி மாறியபின் 2016இல் தொடங்கிய விசாரணை, 2019 ஜூன் 3 அன்று 231 நீதிக் கோரிக்கைகளுடன் அறிக்கை அளித்தது; நடந்ததை இனப்படுகொலை என்றது.

கோரிக்கைகள் பலவும் காகிதத்திலேயே கிடக்கின்றன. வின்னிபெக் அருகே குப்பைமேட்டில் கொலையுண்ட பூர்வகுடிப் பெண்களின் உடல்களைத் தேடுவது சாத்தியமில்லை என்று 2022இல் காவல்துறை கைவிரித்தது. குடும்பங்கள் விடவில்லை. தேடல் நடந்தது, 2025இல் இருவரின் எச்சங்கள் கிடைத்தன.