ஹோனஸ் வாக்னர்: ஆடிய காலமும் சொல்லிக்கொடுத்த காலமும்

உங்களில் பலருடைய பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அதனால் இன்று பேஸ்பால். பயப்பட வேண்டாம், விதிகளைச் சொல்லி அறுக்க மாட்டேன்.

ஹோனஸ் வாக்னர் 1874ல் பென்சில்வேனியாவில் ஜெர்மானியக் குடியேறிகளின் மகனாகப் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் படிப்பை விட்டு நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனார். வளைந்த கால்கள், நீண்ட கைகள். பார்த்தால் ஆட்டக்காரர் என்றே தோன்றாதாம். ஆனால் 1900 முதல் 1917 வரை பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஆடி, மட்டையடியில் எட்டு முறை லீக்கிலேயே முதலிடம் பெற்றார். அவர் நின்றது ஷார்ட்ஸ்டாப். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே, பந்து சீறி வரும் இடம். அங்கே பந்தோடு மண்ணையும் சேர்த்து அள்ளி எறிவார் என்பார்கள்.

1903ல் நடந்த முதல் உலகத் தொடரில் அவர் சோபிக்கவில்லை. கடைசி ஆட்டத்தில் கடைசியாக அவுட் ஆனவரும் அவரே. அந்த வடு ஆற ஆறு ஆண்டுகள் ஆயின. 1909ல் டை காப் ஆடிய டெட்ராய்ட் அணியை ஏழு ஆட்டத் தொடரில் பிட்ஸ்பர்க் வென்றது. அதில் காப்பைவிட வாக்னர் நன்றாக ஆடினார்.

இன்று அவர் பெயரைக் கேட்டால் எல்லோரும் சிகரெட் பெட்டியில் வந்த ஒரு படச் சீட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். 2022ல் அது 72.5 லட்சம் டாலருக்கு விலை போனது. எனக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை. வரலாறு படித்தவனுக்கு அதற்குப் பிந்தைய பகுதிதான் முக்கியம்.

1917ல் ஐந்தே ஆட்டங்கள் அணியை நிர்வகித்துப் பார்த்து, நான்கில் தோற்று, இந்த வேலை வேண்டாம் என்று விலகினார். பிறகு பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. பெரிய பெயர் இருந்தது, கையில் காசு இல்லை. 1933ல், 59 வயதில், பழைய அணியே அவரைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. அடுத்த பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தார்.

அப்போது அந்த அணியின் ஷார்ட்ஸ்டாப் ஆர்க்கி வாகன் என்ற இளைஞன். நன்றாக அடிப்பான், ஆனால் பந்தைத் தடுப்பதில் முதல் ஆண்டிலேயே 46 தவறுகள். வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும்போது வாக்னரை அவனுடைய அறையிலேயே தங்க வைத்தார்கள். நம் பழைய குருகுலம் மாதிரிதான். தவறுகள் மெல்லக் குறைந்தன. 1935ல் ஆர்க்கியின் மட்டைச் சராசரி .385, அதாவது ஆயிரத்துக்கு 385 வெற்றி அடிகள் என்ற விகிதம். வாக்னரின் வாழ்நாள் உச்சம் 1900ல் எடுத்த .381. வகுப்பில் என்னைவிட வேகமாகக் கணக்குப் போட்டவர்களே, அந்த நான்கு புள்ளிகளைப் பார்த்த கிழவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்!

1952ல் கலிபோர்னியாவில் ஓர் ஏரியில் மீன்பிடிக்கப் போன ஆர்க்கி, படகு கவிழ்ந்து இறந்தார். வயது 40. அப்போது வாக்னருக்கு 78.

1955ல் பிட்ஸ்பர்க்கில் வாக்னருக்குச் சிலை வைத்தார்கள். அவர் நேரில் பார்த்தார். அதே டிசம்பரில் காலமானார். அவர் நினைவாக இனி யாரும் அணியக்கூடாது என்று அணி ஒதுக்கி வைத்த எண் 33. அவர் ஆடிய காலத்தில் சட்டையில் எண்ணே கிடையாது. 33 பயிற்சியாளராக இருந்தபோது அணிந்தது.

அந்தச் சிலை இப்போது பிஎன்சி பார்க் மைதானத்தின் வாசலில் இருக்கிறது. அந்தப் பக்கம் யாராவது போனால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.